வரி கட்டாதவர் யார்?



வரியும் விலைவாசியும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள்.  2025ஆம் ஆண்டில் இந்த இரண்டைப் பற்றியும் நாம் கேட்காத பேச்சில்லை. தொலைக்காட்சியில் கேட்டோம், டீக்கடையில் கேட்டோம், பேருந்தில் கேட்டோம். அந்தப் பேச்சுகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. "நாங்கள் வரி கட்டுகிறோம், அந்தப் பணத்தை அரசாங்கம் இலவசமாக வாரி இறைக்கிறது." இப்படிச் சொல்பவர் யார் என்று பாருங்கள். மாதச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கப்படுபவர் சொல்வார். கணக்குத் தணிக்கையாளர் வைத்திருக்கும் வியாபாரி சொல்வார். அவர்கள் கட்டுவது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. "மற்றவர்கள் வரி கட்டுவதில்லை" என்பது அது. அந்த ஒளிந்திருக்கும் வாக்கியத்தைத்தான் இன்று வெளியே இழுத்துப் பார்க்கப் போகிறேன்.

கட்டட வேலைக்குப் போகிற ஒரு சித்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பல் துலக்குகிறார், பற்பசைக்கு வரி உண்டு. குளிக்கிறார், சோப்புக்கு வரி உண்டு. அடுப்பு பற்றவைக்கிறார், வீட்டுச் சிலிண்டருக்கு 5 விழுக்காடு வரி உண்டு. கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்கிறார், அதற்கு 18 விழுக்காடு. மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டால் 5 விழுக்காடு. அவர் வீட்டுக்காரர் சாயங்காலம் எங்கே போகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அங்கே கட்டுகிற வரிதான் எல்லாவற்றிலும் பெரியது. இந்தக் குடும்பம் வரி கட்டவில்லை என்று யார் சொன்னது? இவர்கள் கட்டுகிறார்கள். தினமும் கட்டுகிறார்கள். ரசீது இல்லாமல் கட்டுகிறார்கள்.

ரசீது இல்லாமல் என்று ஏன் சொல்கிறேன்? பெட்டிக்கடையில் பில் கிடையாது. பாக்கெட்டின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை மட்டும்தான் உண்டு. அந்த விலைக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், 'எல்லா வரிகளும் உட்பட' என்று போட்டிருப்பார்கள். எவ்வளவு வரி உட்பட என்று போடுவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் வாங்குபவருக்காவது பில்லின் அடியில் மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று கணக்கு வருகிறது. பெட்டிக்கடையில் வாங்குபவருக்கு அந்தக் கணக்கும் இல்லை. கட்டுகிறோம் என்றே தெரியாமல் கட்டுபவர் எப்படிக் கணக்குக் கேட்பார்?

நண்பர்களே, இந்த வரிக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. கொஞ்சம் நின்று அதைப் பார்ப்போம்.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13. திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் வரை வேதாரண்யம் நோக்கி நடந்தார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி தடையை மீறி உப்பு எடுத்தார்கள். எத்தனையோ வரிகள் இருக்க உப்பு வரியை ஏன் பிடித்தார்கள்? உப்பை வாங்காமல் இருக்க முடியாது. பணக்காரர் சாப்பிடுகிற அளவு உப்பைத்தான் ஏழையும் சாப்பிடுகிறார். வெயிலில் வேர்வை சிந்துபவருக்கு ஒருவேளை கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். ஆயிரம் சம்பாதிப்பவரும் பத்து சம்பாதிப்பவரும் ஒரே தொகையை வரியாகக் கட்டுகிறார்கள் என்றால் அந்தச் சுமை யார் தோளில் அதிகம் அழுத்துகிறது? இந்தக் கேள்வியின் நியாயம் படிக்காதவருக்கும் புரிந்தது. அதனால்தான் அந்த நடை வென்றது.

இப்போது ஏழு ஆண்டு தள்ளி வாருங்கள். அதே ராஜாஜி, இப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர். 1937 அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தார். பிறகு சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு என்று விரித்தார். கள்ளுக்கடை மூடியது. நல்ல காரியம். ஆனால் கள்ளுக்கடை ஏலத்தில் வந்துகொண்டிருந்த கலால் பணமும் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் எங்கே? ஆசிரியர் சம்பளத்துக்குப் பணம் எங்கே? 1939இல் ராஜாஜி ஒரு சட்டம் கொண்டுவந்தார். சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் ஏறக்குறைய எல்லாப் பொருளின் விற்பனைக்கும் பொதுவாக வரி போட்ட முதல் மாகாணம் நம்முடையது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டு கடைசியிலேயே காங்கிரஸ் மந்திரிசபை பதவி விலகிவிட்டது.

இங்கேதான் வேடிக்கை. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்குக் கைவிடப்பட்டது. விற்பனை வரி கைவிடப்பட்டதா? இல்லை. 1948இல் ஓமந்தூரார் மாகாணம் முழுவதும் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971இல் அது தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே டாஸ்மாக் வழியாக எடுத்துக்கொண்டது. மதுவிலக்கு வந்து வந்து போனது. அதற்குப் பதிலாக வந்த வரி மட்டும் ஒரு நாளும் போகவில்லை. சாராயத்தை ஒழிப்பதற்காகப் போட்ட வரியும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது, சாராயத்தின் மேல் வரியும் இருக்கிறது. 2024-25இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். ராஜாஜி இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியாது. எந்தக் கட்சியையும் நான் இதில் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. வந்த வருவாயை விட்டுக்கொடுக்கிற அரசாங்கத்தை நம் வரலாற்றில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1939இல் முளைத்த அந்த வரி 2007இல் மதிப்புக் கூட்டு வரி ஆனது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி, நாம் எல்லோரும் சொல்கிற ஜிஎஸ்டி ஆனது. அதுவரை எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று சென்னைக் கோட்டையில் தீர்மானித்தார்கள். இப்போது ஜிஎஸ்டி மன்றத்தில் தீர்மானிக்கிறார்கள். அந்த மன்றத்தில் வாக்கு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மூன்றில் இரண்டு பங்கு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். அப்படியென்றால் எல்லா மாநிலங்களும் ஒன்றாக நின்றாலும், மத்திய அரசு வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இந்த வரி எப்படியெல்லாம் வேலை செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு அரிசி மூட்டை போதும். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்துப் பெயர் அச்சிட்டு விற்கும் அரிசிக்கு 5 விழுக்காடு வரி வந்தது. எந்தப் பைக்கு? 25 கிலோ வரை உள்ள பைக்கு. அதற்கு மேல் போனால் வரி இல்லை. நம் அரிசி ஆலைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? 26 கிலோ பை போட்டார்கள்! நீங்களும் வாங்கியிருப்பீர்கள். நான் இதைக் கேட்டபோது முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். 26 கிலோ மூட்டையை ஒரே தடவையில் வாங்குகிறவர் யார்? மாதச் சம்பளம் வாங்குகிறவர், வீட்டில் மூட்டை வைக்க இடம் இருக்கிறவர். ஐந்து கிலோ பை வாங்குகிறவர் யார்? அன்றாடக் கூலி வாங்குகிறவர். கிலோ அறுபது ரூபாய் என்றால் ஐந்து கிலோவுக்கு முந்நூறு ரூபாய், வரி பதினைந்து ரூபாய். சில்லறையாக அளந்து கட்டித் தரும் அரிசிக்கு வரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பை அரிசி என்று வந்தால் மொத்தமாக வாங்க முடிந்தவர் தப்பித்தார், முடியாதவர் கட்டினார். இப்படி வர வேண்டும் என்று சட்டம் எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் வந்தது.

கோயம்புத்தூர் பன் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2024 செப்டம்பரில் ஒரு ஓட்டல் உரிமையாளர் நிதி அமைச்சரிடமே எழுந்து சொன்னார். பன்னுக்கு வரி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 விழுக்காடு. வாடிக்கையாளர் பன்னைத் தனியாகக் கொடு, கிரீமைத் தனியாகக் கொடு, நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்றார். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்ததே, அப்போது ஊர் சிரிக்கவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் நிறைய மாறியிருக்கிறது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். பற்பசை, சோப்பு, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், பிஸ்கட் இவை 18 விழுக்காட்டிலிருந்து 5க்கு இறங்கின. வெண்ணெய், நெய் 12லிருந்து 5க்கு வந்தன. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் வரியே போய்விட்டது. எட்டு ஆண்டு தாமதம் என்றாலும் வந்ததே, வரவேற்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. வரி இறங்கினால் விலை இறங்குமா? நூறு ரூபாய்ப் பற்பசை கிட்டத்தட்ட எண்பத்தொன்பது ரூபாய்க்கு வர வேண்டும். பெரிய ட்யூப் வாங்குபவருக்கு அது தெரியும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுங்கள். கணக்குப்படி நான்கு ரூபாய் நாற்பத்தைந்து காசுக்கு வர வேண்டும். மீதி ஐம்பத்தைந்து காசை யார் சில்லறையாகத் தருவது? கடைக்காரர் ஒரு மிட்டாயைத் தள்ளுவார். நிறுவனங்கள் என்ன சொல்லின? விலையைக் குறைக்க மாட்டோம், எடையைக் கூட்டித் தருகிறோம் என்றன. எத்தனை பேர் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்த்தீர்கள்? முன்பு வரிக் குறைப்பை மறைத்து லாபம் வைப்பதாகத் தெரிந்தால் புகார் செய்வதற்கென்றே சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. புதிய புகார்களை ஏற்பது 2025 ஏப்ரல் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வரி குறைந்ததோ செப்டம்பரில். குறைப்பு வருவதற்கு ஐந்து மாதம் முன்னால் கதவைச் சாத்திவிட்டார்கள்!

இனி பெட்ரோலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், காசுக் கணக்கு சொல்லப் போகிறேன்.

பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கின்றன. சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 2025இல் நூறு ரூபாயைச் சற்றே தாண்டி நின்றது. அதில் நாற்பது ரூபாய்க்கு மேல் வரி. மத்திய அரசின் கலால் வரி 2025 ஏப்ரலில் 21 ரூபாய் 90 காசு ஆனது. மாநில அரசின் வரி 13 விழுக்காடும், அதன் மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். இரண்டு பேரும் எடுக்கிறார்கள். இரண்டு பேரும் மற்றவரைக் கை காட்டுகிறார்கள்.

மத்திய அரசின் 21 ரூபாய் 90 காசைப் பிரித்துப் பாருங்கள். அதில் அடிப்படைக் கலால் வரி என்பது வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதி இருபதரை ரூபாயும் சிறப்புக் கூடுதல் கலால், வேளாண் கட்டமைப்புக்கென்று ஒன்று, சாலைக்கென்று ஒன்று. மாநிலங்களோடு பங்கு போட வேண்டியது அந்த 1 ரூபாய் 40 காசை மட்டும்தான். அதில் 41 விழுக்காடு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து, 57 காசு. அந்த 57 காசில் தமிழ்நாட்டின் பங்கு பதினைந்தாவது நிதிக் குழுவின் கணக்குப்படி 4.079 விழுக்காடு. எவ்வளவு வருகிறது? இரண்டரைக் காசு கூட இல்லை. 2025இல் நாம் இங்கே நம் வண்டியில் ஊற்றிய ஒரு லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு டெல்லிக்குப் போனது, வரிப் பங்காகத் திரும்பி வந்தது இரண்டரைக் காசுக்கும் கீழே. மத்திய அரசு சாலை போடவில்லையா, திட்டம் தரவில்லையா என்று கேட்கலாம். போடுகிறது, தருகிறது. ஆனால் உரிமையாக வருகிற பணத்துக்கும், அவர்கள் பார்த்துத் தருகிற பணத்துக்கும் வித்தியாசம் இல்லையா?

2020ஐ மறந்துவிடாதீர்கள். கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் முடங்கியபோது கச்சா எண்ணெய் விலை அதல பாதாளத்துக்குப் போனது. அந்தக் குறைவு நமக்கு வந்ததா? 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் கலால் வரியை ஏற்றினார்கள். மே மாதம் ஒரே நாளில் பெட்ரோலுக்குப் பத்து ரூபாய், டீசலுக்குப் பதின்மூன்று ரூபாய். பெட்ரோலுக்கு மத்திய வரி 32 ரூபாய் 98 காசுக்குப் போனது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் குறைத்தார்கள். மாநில அரசும் 2021 ஆகஸ்ட்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தது. ஆனால் வேலையில்லாமல் மக்கள் வீட்டில் இருந்த அந்த மாதங்களில் விலை இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் வரி ஏறி உட்கார்ந்துகொண்டது.

என்னிடம் வண்டி இல்லை, எனக்கென்ன என்று யாராவது இங்கே இருந்தால் அவருக்கும் சொல்கிறேன். தக்காளிக்கு வரி இல்லை. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து தக்காளி ஏற்றி வந்த லாரியின் டீசலுக்கு வரி உண்டு. மற்றப் பொருள்களில் வியாபாரி தான் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். டீசல் வரியைக் கழிக்க முடியாது. அது வாடகையில் ஏறும், வாடகை தக்காளியில் ஏறும், தக்காளி உங்கள் ரசத்தில் இறங்கும். வரியே இல்லை என்று சொல்லப்படும் பொருளிலும் வரி இருக்கிறது.

சரி, இவ்வளவு கட்டுகிறோமே, எங்கே போகிறது? அங்கே வருவோம்.

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் கோடி என்று மதிப்பிட்டார்கள். அதில் வணிக வரி மட்டும் சுமார் 1 லட்சத்து 64 ஆயிரம் கோடி. ஏறத்தாழ முக்கால் பங்கு. ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பெட்ரோல் டீசல் வரி, மதுவின் மேல் விற்பனை வரி எல்லாம் அதற்குள் அடக்கம். வாங்குபவர் கொடுத்த பணம். சித்தாளும் கொடுத்த பணம்.

அந்தப் பணத்தில்தான் பள்ளியில் சோறு போடுகிறோம். 1956இல் காமராசர் காலத்தில் மதிய உணவாகத் தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. எழுபது ஆண்டுகளில் எத்தனை முதலமைச்சர்கள், எத்தனை கட்சிகள்! ஒருவர் போட்ட இலையை அடுத்தவர் எடுக்கவில்லை. இதை இலவசம் என்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா சோப்பு வாங்கும்போதே அந்தச் சோற்றுக்குக் காசு கொடுத்துவிட்டார் என்று மட்டும் சொல்வேன்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லையா? உண்டு. ஆனால் கவலையைச் சரியான இடத்தில் வையுங்கள். மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26இல் ஒதுக்கியது 13,807 கோடி. பெரிய தொகைதான். அதே ஆண்டு நம் அரசு வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டி எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள்? 70,000 கோடிக்கு மேல். அசல் இல்லை, வட்டி மட்டும். நம் மாநிலத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் தருகிற செலவைப் போல ஐந்து மடங்கு. எந்தக் கடன் அணை கட்டியது, எந்தக் கடன் பழைய பள்ளத்தை அடைக்கப் போனது என்று யாராவது மேடை போட்டு விளக்கினார்களா? ஆயிரம் ரூபாயைப் பற்றி ஆயிரம் விவாதம் நடத்திய தொலைக்காட்சிகள் எழுபதாயிரம் கோடியைப் பற்றி எத்தனை விவாதம் நடத்தின?

அன்பர்களே, இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் ஒரு விஷயத்துக்கு வருவதற்காக. நான் இந்த மேடைக்கு வந்ததே அதைச் சொல்லத்தான்.

வரியை விழுக்காட்டில் போடுகிறார்கள். உதவியை ரூபாயில் தருகிறார்கள். இதில் இருக்கும் சூட்சுமத்தைப் பாருங்கள். நூறு ரூபாய்ப் பொருள் நூற்றைம்பது ஆனால் 5 விழுக்காடு வரி ஐந்து ரூபாயிலிருந்து ஏழரை ரூபாய் ஆகிவிடும். சட்டமன்றம் கூட வேண்டாம், அரசாணை வேண்டாம், யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். விலை ஏறினால் வரி தானே ஏறும். உதவித் தொகை தானே ஏறுமா?

முதியோர் ஓய்வூதியத்தை எடுங்கள். அறுபதைத் தாண்டி எண்பதுக்குள் இருக்கும் ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலும் 200, 2025இலும் 200. இடையில் விலைவாசி ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிவிட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் இரண்டு பிரதமர்கள். இருவரும் அதைத் தொடவில்லை. நம் மாநில அரசு மேலே போட்டுத் தருகிறது, நன்றி. 2011இல் மொத்தத் தொகை ஆயிரம் ரூபாய் ஆனது. அதன் பிறகு? பன்னிரண்டு ஆண்டு ஆயிரமாகவே நின்றது. 2023 ஆகஸ்ட்டில் 1,200 ஆனது. அந்தப் பன்னிரண்டு ஆண்டில் விலைவாசி சுமார் இரண்டு மடங்கு. ஆயிரம் இரண்டாயிரம் ஆகியிருந்தால்தான் அந்தப் பாட்டி 2011இல் வாங்கிய அதே அரிசியையும் அதே மாத்திரையையும் வாங்க முடியும். கூட்டிக் கொடுத்தோம் என்று சுவரொட்டி ஒட்டினோம். உண்மையில் நாம் குறைத்துத்தான் கொடுத்திருக்கிறோம்.

அரசு ஊழியருக்கு அகவிலைப்படி உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை, விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து உயர்த்துகிறார்கள். 2025 ஜூலையில் அது 58 விழுக்காடு ஆனது. அது நியாயம். போராடிப் பெற்ற உரிமை, ஒரு பைசாவும் குறைக்கக் கூடாது. என் கேள்வி வேறு. குறியீட்டைப் பார்க்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, ஊழியரின் கணக்கில் மட்டும் ஏன் அது கண்ணுக்குத் தெரிகிறது? பாட்டியின் கணக்கில் ஏன் தெரிவதில்லை? 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் இதே வழியில்தான் போகும். இன்று அதன் மதிப்பு கொஞ்சம்தான் தேய்ந்திருக்கிறது. பத்து ஆண்டு விட்டுப் பாருங்கள்.

2025இல் பணவீக்கம்தான் குறைந்ததே என்பீர்கள். ஆமாம், 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25 விழுக்காடு என்று கணக்கு வந்தது. காய்கறி விலை இறங்கியதும் வரிக் குறைப்பும் காரணம். ஆனால் பணவீக்கம் குறைந்தது என்றால் ஏறிய விலை இறங்கிவிட்டது என்று பொருள் இல்லை. மாடி ஏறியவர் அங்கேயே நிற்கிறார், இன்னும் மேலே ஏறவில்லை, அவ்வளவுதான். சென்னையில் வீட்டுச் சிலிண்டர் 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு ஆனது. அது இறங்கவில்லையே.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் திருப்பிக் கேட்கிறேன். இறந்தவர் விட்டுப்போகும் பெருஞ்சொத்தின் மேல் இருந்த வரி 1985இல் எடுக்கப்பட்டது. செல்வ வரி 2015 நிதிநிலை அறிக்கையில் எடுக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வரி விகிதம் 30லிருந்து 22 ஆனது. அதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருவாய் குறையும் என்று அரசே அன்று சொன்னது. அப்போதெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று யார் கேட்டார்கள்? செல்வ வரியில் வசூல் குறைவு, செலவு அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் வசூலிக்கக் கஷ்டம் என்று பெருஞ்சொத்தை விட்டுவிட்டு, வசூலிக்க எளிது என்று பற்பசையைப் பிடித்துக்கொள்வது நிர்வாக வசதியாக இருக்கலாம், நீதியாக இருக்க முடியாது.

எல்லா வரியையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. வரி இல்லாமல் ஆஸ்பத்திரி இல்லை, பேருந்து இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். முதியோர் ஓய்வூதியம், மாற்றுத்திறனாளி உதவி, மகளிர் உரிமைத் தொகை, இவை ஒவ்வொன்றையும் விலைவாசிக் குறியீட்டோடு சட்டமாகவே கட்டுங்கள். வரி எப்படித் தானே ஏறுகிறதோ அப்படி உதவியும் தானே ஏறட்டும். தேர்தலுக்குத் தேர்தல் ஒரு தலைவர் மனம் இரங்கி இருநூறு கூட்டுவதற்காக ஒரு பாட்டி பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கக் கூடாது.

வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருவார்கள். ஆயிரம் தருகிறேன், இரண்டாயிரம் தருகிறேன் என்பார்கள். தொகையைப் பேரம் பேசாதீர்கள். "விலை ஏறினால் இதுவும் ஏறுமா? ஏறும் என்று சட்டத்தில் எழுதுவீர்களா?" என்று கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு என்ன உரிமை என்று யாராவது கேட்டால், இன்று காலை வாங்கிய சோப்புக்கும் நேற்று ஊற்றிய பெட்ரோலுக்கும் வரி கட்டிவிட்டுத்தான் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.